நீடித்த அடுக்குமாடிக் குடியிருப்பு: வரைபடத்துக்கு முன்னர் எழுப்ப வேண்டிய கேள்விகள்

குடிசை மாற்று வாரியம் பல பத்தாண்டுகளுக்கு முன் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகள் சென்னையிலும் பிற நகரங்களிலும் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, அதே இடங்களில் கூடுதல் உயரத்துடன் மறுகட்டுமானம் செய்யப்பட்டு வருகின்றன. இதற்கான காரணத்தை மறுக்க இயலாது. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட வாரியக் கட்டடம் ஒன்று சரிந்து விழுந்தது. விரிசலைக் கண்ட குடியிருப்பாளர்கள் முன்னதாகவே வெளியேறியிருந்ததால் உயிரிழப்பு நேரவில்லை. அது 1990களில் எழுந்த கட்டடம். அதே ஆண்டு ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் பகுதியில், புதிதாகக் கட்டப்பட்ட குடியிருப்பின் சுவர்ப்பூச்சு கைபட்டவுடன் உதிர்ந்த காட்சியைத் தமிழகமே பார்த்தது. முப்பது ஆண்டுகளில் விழுவதும் குடிபுகும்போதே உதிர்வதும் ஏழைகளுக்கான வீடுகளின் இயல்பாகிவிட்டன.

இந்தப் பின்னணியில்தான் ‘நீடித்த குடியிருப்பு’ என்ற சொல் அரசு ஆவணங்களில் மிகுந்து காணப்படுகிறது. குறைந்த சிமென்ட், விரைவான கட்டுமானம், சூரிய ஒளி மின்சாரம், மழைநீர்ச் சேகரிப்பு ஆகியவற்றையே அச்சொல் பெரும்பாலும் குறிக்கிறது. இவை தேவையானவையே. ஆயினும் பல குடும்பங்கள் கூடி வாழும் ஒரு குடியிருப்பு நீடிக்குமா என்பதைக் கட்டுமானப் பொருள் மட்டும் தீர்மானிப்பதில்லை. நிலம் எங்கே, உரிமை யாருக்கு, பராமரிப்புச் செலவு எவருடையது, கழிவுநீர்க் குழாய் அடைத்தால் அதில் இறங்கப்போவது யார் என்பவையும் வடிவமைப்பின் பகுதிகளே. இவற்றுக்கான விடைகள் வரைபடம் தயாராகும் முன்னரே எழுதப்பட்டுவிடுகின்றன. எழுதும் கையில் சாதியின் பங்கு உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகர்ப்புற மக்களில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 12.6 விழுக்காடு, ஆனால் குடிசைப்பகுதிகளில் வாழ்வோரில் ஐவரில் ஒருவர் பட்டியல் சாதியினர். ஏழைகளுக்கான அடுக்குமாடி வீட்டுவசதி என்பது கணிசமான அளவில் தலித் மக்களின் கேள்வி.

சட்டம் வகுத்திருக்கும் அளவுகோல்

கண்ணியமான உறைவிடம் என்றால் என்ன என்பதற்கு நம் நாட்டில் சட்ட வரையறை இல்லை எனக் கூறுவோர் ‘சமேலி சிங் எதிர் உத்தரப் பிரதேச அரசு’ வழக்கைப் படிக்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கு வீடு கட்ட அரசு நிலம் கையகப்படுத்தியதை எதிர்த்து நில உரிமையாளர்கள் தொடுத்த வழக்கு அது. 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கையகப்படுத்தலை உறுதி செய்தது. உறைவிட உரிமை என்பது தலைக்கு மேல் ஒரு கூரை மட்டுமன்று. போதிய இடம், பாதுகாப்பான கட்டுமானம், தூய சுற்றுப்புறம், வெளிச்சம், காற்று, குடிநீர், மின்சாரம், கழிவகற்றல், சாலை முதலிய வசதிகளையும் உள்ளடக்கியது என்று அத்தீர்ப்பு விளக்கியது. இந்திய உறைவிட உரிமைச் சட்டவியலின் அடித்தளங்களுள் ஒன்று தலித் மக்களின் வீட்டு நிலத்தைப் பற்றிய வழக்கில் இடப்பட்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

வாழ்வாதார உரிமை அரசமைப்பின் 21ஆம் கூறினுள் அடங்கும் என்பதை 1985இல் ‘ஓல்கா டெல்லிஸ்’ தீர்ப்பு நிறுவியது. நடைபாதைவாசிகள் தாம் வேலை செய்யும் இடத்துக்கு அருகில் வாழ்வதால்தான் பிழைக்கிறார்கள். அங்கிருந்து அகற்றுவது பிழைப்பைப் பறிப்பதாகும் என்பதே அதன் தருக்கம். அதே ஆண்டு, சென்னைக் குடிசைவாசிகள் தொடர்பான ‘கே. சந்துரு எதிர் தமிழ்நாடு அரசு’ வழக்கில், வெளியேற்றும் முன் மாற்றிடம் வழங்கப்பட வேண்டும் என்ற எதிர்பார்ப்பை உச்ச நீதிமன்றம் பதிவு செய்தது.

பன்னாட்டளவில், பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையில் இந்தியா 1979இல் இணைந்தது. அதன் கண்காணிப்புக் குழு 1991இல் வெளியிட்ட நான்காம் பொதுக்கருத்துரை, போதிய வீட்டுவசதிக்கு ஏழு கூறுகளை வகுத்தது: குடியிருப்பதற்கான சட்டப் பாதுகாப்பு, அடிப்படைச் சேவைகள், தாங்கத்தக்க செலவு, வாழத்தகுந்த நிலை, அனைவரும் அணுகும் வசதி, பொருத்தமான இடம், பண்பாட்டுப் பொருத்தம். ஏழில் ஒன்று குறைந்தாலும் அது போதிய வீடாகாது.

மாநிலத்தின் முதன்மைச் சட்டம், 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் (மேம்பாடு மற்றும் அகற்றல்) சட்டம். அதன் 3ஆம் பிரிவின்கீழ் குடிசைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடத்தில், உரிய அதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதியின்றி எவரையும் வெளியேற்ற நடவடிக்கை எடுக்க இயலாது என்கிறது 29ஆம் பிரிவு. நல்ல பாதுகாப்புதான். ஆனால் சென்னையில் 1971இல் 1,202 பகுதிகளும் 1985இல் மேலும் 17 பகுதிகளும் அறிவிக்கப்பட்டதற்குப் பிறகு அறிவிப்பு நின்றுபோனது. பின்னர் உருவான குடியிருப்புகள் ‘ஆட்சேபகரமான ஆக்கிரமிப்பு’ என்ற பெயரை மட்டுமே பெற்றன. 2021இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறியது. பெயர் மாற்றத்தைவிட 3ஆம் பிரிவைச் செயல்படுத்துவது அதிகம் பேருக்குப் பயன்தரும்.

இடமே முதல் வடிவமைப்பு

2000ஆம் ஆண்டு தொடங்கி ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் உருவானது, 15,656 வீடுகள். சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி எழுந்தது. அடுத்து, எட்டு மாடிக் கட்டடங்களாக 20,000க்கும் மேற்பட்ட வீடுகளுடன் பெரும்பாக்கம். மூன்றும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சூழ்ந்த தாழ்நிலப் பரப்பில் அமைந்தவை. அச்சதுப்புநிலம் 2022இல் ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்டது. 2015 பெருவெள்ளத்துக்குப் பின், வெள்ள அபாயத்தைக் காரணம் காட்டி அடையாறு, கூவம் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களில் பலர் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டனர். ஆற்றங்கரையிலிருந்து சதுப்புநிலத்தின் விளிம்புக்கு அனுப்புவதற்கு வெள்ளப் பாதுகாப்பு என்று பெயர்.

நகரின் மையத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் குடியேற்றப்பட்டவர்களுள் வீட்டுவேலை செய்யும் பெண்கள், தூய்மைப் பணியாளர்கள், மீன் விற்போர், சுமைதூக்குவோர் உண்டு. விடியற்காலையில் தொடங்கும் இவ்வேலைகள் முன்பு நடந்து செல்லும் தொலைவில் இருந்தவை. பேருந்துக் கட்டணமும் பயண நேரமும் கூலியைத் தின்றபோது பெண்கள் வேலையை விட்டனர். கல்வியாண்டின் நடுவில் பெயர்க்கப்பட்ட பிள்ளைகள் பள்ளியை விட்டனர். வேலை தேடிச் செல்லும் இளைஞர், முகவரியைச் சொன்னவுடன் நிராகரிக்கப்படுகிறார். ஊருக்கு வெளியே சேரி என்னும் பழைய நிலவரைபடத்தை, மாநகரத்துக்கு வெளியே மறுகுடியமர்வு என்று நவீன நகரத் திட்டமிடல் மறுபடியும் வரைந்திருக்கிறது.

ஒன்றிய அரசின் கலங்கரை விளக்கத் திட்டத்தின்கீழ் 2022 மே மாதம் திறக்கப்பட்ட 1,152 வீடுகள் இதற்குச் சான்று. முன்வார்ப்புக் கான்கிரீட் தொழில்நுட்பத்தில் விரைவாகக் கட்டப்பட்ட, நாட்டுக்கே முன்மாதிரி எனக் காட்டப்பட்ட குடியிருப்பு அது. அமைந்திருப்பது பெரும்பாக்கம் நூக்கம்பாளையம் சாலையில். தொழில்நுட்பம் முன்னேறியது, இடம் மாறவில்லை.

எனவே, இருக்கும் இடத்திலேயே மறுகட்டுமானம் என்பது முதல் விதியாக இருக்க வேண்டும். இயலாத நேர்வில், இயலாமைக்கான காரணம் எழுத்தில் தரப்பட்டு, மாற்றிடம் பழைய வேலைத்தளங்களுக்கு அருகில் அமைய வேண்டும். வெள்ளநீர் நிற்கும் நிலத்தில் குடியிருப்பு அமைப்பது, அதன் கூரையில் எத்தனை சூரியத் தகடுகள் பொருத்தினாலும், நீடித்த வடிவமைப்பாகாது.

உயரம், இடைவெளி, வெளிச்சம்

குறைந்த நிலத்தில் அதிகக் குடும்பங்களைக் குடியமர்த்த உயரமான கட்டடம்தான் வழி என்பது பரவலான நம்பிக்கை. அடர்த்தியும் உயரமும் வெவ்வேறானவை. நான்கு மாடிக் கட்டடங்களை உள்முற்றங்களைச் சுற்றி நெருக்கமாக அமைத்தும் உயர்ந்த அடர்த்தியைப் பெறலாம். மின்தூக்கியும் உயரழுத்த மோட்டாரும் இல்லாமல் இயங்கக்கூடிய கட்டடம் அது. தெருவில் விளையாடும் குழந்தையைத் தாய் வீட்டிலிருந்தே பார்க்கலாம். தரைத்தளத்தில் இட்லிக் கடையோ தையல் எந்திரமோ வைக்கலாம். எட்டாம் மாடியில் வீடு பெற்ற தள்ளுவண்டி வியாபாரிக்கு வண்டியை நிறுத்த இடமில்லை. மின்தூக்கி பழுதானால் முதியவர் வீட்டுக் கைதியாகிறார். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 வலியுறுத்தும் அணுகல்தன்மை, பழுதாகாத மின்தூக்கியை நம்பி மட்டும் இருக்கலாகாது. தரைத்தள வீடுகளை அவர்களுக்கு முதலில் ஒதுக்குவது எளிய தீர்வு.

நெருக்கத்தின் விலையை மும்பை அறிந்திருக்கிறது. மான்குர்த், கோவண்டி பகுதிகளின் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் கட்டடங்களுக்கிடையே சுமார் 3 மீட்டர் இடைவெளியே விடப்பட்டது. வெயிலும் காற்றும் புகாத கீழ்த்தள வீடுகளுக்கும் காசநோய்க்கும் உள்ள தொடர்பை 2018இல் மருத்துவர்களின் ஆய்வு ஒன்று வெளிப்படுத்தியது. ஒரு சன்னலின் திசையும் இரு சுவர்களின் இடைவெளியும் நுரையீரலின் விதியைத் தீர்மானிக்கின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரெதிர்த் திசைகளில் காற்று வழி, சமையலறைக்கும் கழிப்பறைக்கும் வெளிச்சுவர், மேல்தளத்துக்கு வெப்பத்தடுப்புப் பூச்சு ஆகிய மூன்றையும் வரைபடத்திலேயே சரிபார்க்கலாம்.

வீட்டின் பரப்பும் முக்கியம். கண்ணகி நகரின் தொடக்கக்கால வீடுகள் 200 சதுர அடியைக்கூட எட்டவில்லை. 2015இல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம் நலிவுற்ற பிரிவினருக்கு 30 சதுர மீட்டர் வரையிலான தரைப்பரப்பை வகுத்தது. முன்னேற்றமே எனினும், மகன் திருமணமானதும் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பக்கூட வழியில்லாத பெட்டி அது. குடும்பம் வளரும், வீடு வளராது.

வளரக்கூடிய வீடுகளுக்கு இந்தியாவில் முன்மாதிரிகள் உள்ளன. பி.வி. தோஷி வடிவமைத்த இந்தூர் ஆரண்யா குடியிருப்பில் சுமார் 6,500 மனைகள், பெரும்பகுதி ஏழைகளுக்கானவை. கழிப்பறை, தண்ணீர், மின்சாரம் ஆகியவற்றுடன் கூடிய மனையை அரசு தந்தது. அறைகளைக் குடும்பங்கள் தம் வசதிக்கேற்பக் கட்டிக்கொண்டன. வசதியானோர்க்கு விற்ற மனைகளின் வருவாய் ஏழைகளின் செலவை ஈடுகட்டியது. 1995இல் ஆகா கான் கட்டடக்கலை விருதை அது பெற்றது. இதற்கு இந்தூர் வரை போக வேண்டியதில்லை. 1977இல் தொடங்கிய, உலக வங்கி உதவியுடனான சென்னை நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் இதே முறையைப் பின்பற்றியது. சிறிய மனையும் பெரிய மனையும் கலந்து, கடைகளும் பள்ளிகளும் இணைந்து அமைந்தன. தொடக்கத்தில் தோல்வி எனக் கருதப்பட்ட இத்திட்டங்கள், அடர்த்தியும் வாழத்தகுந்த நிலையும் கொண்ட, பல வருவாய்ப் பிரிவினரும் கலந்து வாழும் பகுதிகளாக வளர்ந்திருப்பதை 2018இல் வெளிவந்த மறுஆய்வு காட்டியது. சென்னையின் மிக நல்ல பாடம் சென்னையிலேயே இருக்கிறது. அதைக் கைவிட்டுத்தான் பெரும்பாக்கத்துக்குச் சென்றோம்.

கழிவுநீரும் சாதியும்

நீடித்த வடிவமைப்பைப் பற்றிய நூல்கள் கழிவுநீர் மறுசுழற்சியை விரிவாகப் பேசும். அடைப்பை எடுப்பவரைப் பேசா. தலித் இயக்கங்கள் எழுப்ப வேண்டிய கேள்வி இங்கே தொடங்குகிறது. கையால் மலம் அள்ளும் தொழிலாளர் பணியமர்த்தலைத் தடைசெய்தல் மற்றும் மறுவாழ்வுச் சட்டம், 2013இன் 7ஆம் பிரிவு, சாக்கடையிலும் மலக்குழியிலும் ஆபத்தான தூய்மைப் பணிக்கு எவரையும் ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. 2023 அக்டோபரில் ‘பல்ராம் சிங்’ வழக்கில் உச்ச நீதிமன்றம், சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 30 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. இழப்பீடு மரணத்துக்குப் பின் வருவது. மரணத்தைத் தடுப்பது வரைபடம்.

குழாயின் விட்டமும் சரிவும் அதைப் பயன்படுத்தும் குடும்பங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப அமைய வேண்டும். ஒவ்வொரு ஆய்வுத் தொட்டிக்கும் கழிவுநீர் உறிஞ்சும் ஊர்தி செல்லும் அகலத்தில் பாதை வேண்டும். மனிதர் இறங்காமலே மேலிருந்து கருவியால் அடைப்பெடுக்கும் வகையில் திருப்பங்களும் திறப்புகளும் அமைய வேண்டும். குடிநீர்த் தொட்டியும் கழிவுநீர்க் குழாயும் அருகருகே அமையலாகாது. பல வாரியக் குடியிருப்புகளில் கட்டடங்களுக்கிடையே ஒரு மனிதர் மட்டுமே நுழையக்கூடிய சந்தில் ஆய்வுத் தொட்டிகள் உள்ளன. எந்திரம் நுழைய முடியாத இடத்தை வரைந்த பொறியாளர், அங்கே ஒரு மனித உடல் நுழையும் என்ற அனுமானத்தில்தான் வரைந்திருக்கிறார். அந்த உடல் யாருடையது என்பதையும் அவர் அறிவார்.

ஆவணமும் பராமரிப்பும்

வாரிய வீடுகளில் வாழ்வோரில் பெரும்பாலோரிடம் இருப்பது ஒதுக்கீட்டு ஆணை. தவணை முழுவதும் செலுத்தப்பட்டுக் கிரையப் பத்திரம் பதிவாகும் வரை அது உரிமையாவணமன்று. ஒதுக்கீடு பெற்றவர் இறந்து வாரிசுப் பெயருக்கு மாற்றப்படாத வீடுகள், வெள்ளைத்தாளில் கைமாறிய வீடுகள், ஒரே வீட்டில் வாழும் இரண்டு மூன்று குடும்பங்கள் என நடைமுறை சிக்கலானது. மறுகட்டுமானத்தின்போது கணக்கெடுப்புப் பட்டியலில் பெயர் விடுபடுவோர் இவர்களே. பட்டியலை வெளிப்படையாக ஒட்டி, ஆட்சேபம் கேட்டு, உட்குடும்பங்களையும் நீண்டகால வாடகைதாரர்களையும் பதிவு செய்யாத திட்டம் வீடற்றவர்களையே புதிதாக உருவாக்கும். ஒதுக்கீடு பெண்ணின் பெயரிலோ கணவன் மனைவி இருவர் பெயரிலோ அமைவது பாதுகாப்பானது.

பட்டியல் சாதியினரை அவர்தம் நிலத்திலிருந்தோ இருப்பிடத்திலிருந்தோ, அச்சாதியினர் அல்லாத ஒருவர் முறைகேடாக அகற்றுவது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஜி) பிரிவின்கீழ் குற்றம். இடைத்தரகர் மிரட்டலால் வீட்டை எழுதிக்கொடுக்கும் நேர்வுகளில் இப்பிரிவு நினைவில் இருக்கட்டும்.

அடுத்தது பராமரிப்பு. உயரம் கூடுந்தோறும் மின்தூக்கி, மோட்டார், தீயணைப்பு அமைப்பு ஆகியவற்றின் செலவு கூடுகிறது. நாட்கூலிக் குடும்பம் அதை மாதந்தோறும் செலுத்த இயலுமா என்ற கணக்கு, மாடிகளின் எண்ணிக்கையை முடிவு செய்யும் முன்னரே போடப்பட வேண்டும். குடியிருப்போர் சங்கங்களை அமைத்து, அவை திரட்டும் தொகைக்கு இணையான தொகையை அரசு வழங்கும் ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டம் வரவேற்கத்தக்கது. ஆனால் கட்டுமானக் குறையைச் சரிசெய்யும் செலவு சங்கத்தின் தலையில் விழக்கூடாது. பூச்சு உதிர்வதும் நீர் கசிவதும் ஒப்பந்ததாரரின் பொறுப்பு. கட்டமைப்பின் வலிமை வாரியத்தின் பொறுப்பு. விளக்கும் கூட்டிப்பெருக்கலும் சங்கத்தின் பொறுப்பு. இந்த எல்லைக்கோடு எழுத்தில் இருக்க வேண்டும்.

கலந்து வாழ்தல்

சாதிகள் கலந்து வாழும் குடியிருப்பை அரசே திட்டமிட்ட முயற்சியும் தமிழகத்தில் உண்டு. 1997இல் அறிவிக்கப்பட்ட பெரியார் நினைவு சமத்துவபுரங்களில் நூறு வீடுகளில் 40 பட்டியல் சாதியினருக்கும், 25 பிற்படுத்தப்பட்டோருக்கும், 25 மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும், 10 பிறருக்கும் ஒதுக்கப்பட்டன. அதன் குறைகள் பல. ஆயினும் அடுத்தடுத்த வாசல்களை யார் பெறுவது என்பதே சாதியை எதிர்கொள்ளும் வடிவமைப்பு முடிவு என்பதை அது ஏற்றுக்கொண்டது. இதற்கு நேரெதிராக, 2005இல் ‘சோராஸ்ட்ரியன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க’ வழக்கில், ஒரு கூட்டுறவுச் சங்கம் தன் உறுப்பினர் தகுதியை ஒரு சமூகத்தாருக்கு மட்டும் வரையறுத்துக்கொள்வதை உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. தனியார் அடுக்ககங்களில் ‘சைவ உணவினருக்கு மட்டும்’ என்ற பெயரில் தொடரும் விலக்கலை எதிர்க்க, வீட்டு வாடகையிலும் விற்பனையிலும் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்யும் தெளிவான சட்டம் இன்னும் தேவைப்படுகிறது. ஒருபுறம் தலித் மக்களுக்கு வீடு மறுக்கும் அடுக்ககங்களும் மறுபுறம் அவர்களை மட்டும் குவிக்கும் குடியிருப்புகளும் ஒரே நகரத்தின் இரு பக்கங்கள்.

ஒப்புதல் தரும் முன்

மறுகட்டுமானத்துக்கு வீட்டைக் காலிசெய்யக் கோரும் அறிவிப்பு வந்தால், குடியிருப்போர் கூட்டாகச் செய்ய வேண்டியவை சில:

1. கட்டட உறுதித்தன்மை அறிக்கை, திட்ட அறிக்கை, வரைபடம் ஆகியவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்கீழ் கோருக. முப்பது நாட்களுக்குள் பதில் தரப்பட வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்குக் கட்டணம் இல்லை.

2. கணக்கெடுப்புப் பட்டியலின் நகலைப் பெற்று, விடுபட்ட குடும்பங்களுக்காக எழுத்தில் ஆட்சேபம் அளித்து, ஒப்புகைச் சீட்டு பெறுக.

3. அதே இடத்தில் மறுஒதுக்கீடு, பரப்பு, முடிக்கும் காலக்கெடு, இடைக்கால வாடகை உதவி, பயனாளி பங்குத்தொகை ஆகிய ஐந்தும் எழுத்தில் இல்லாமல் சாவியைக் கையளிக்க வேண்டாம். கட்டடம் விழும் நிலையில் இருந்தால் உயிரே முதன்மை. அப்போது வெளியேறும்போதே உரிமைகளைப் பதிவுசெய்யும் கூட்டு மனுவை அளித்துவிடுக.

4. கழிவுநீர் வரைபடத்தில் எந்திரம் செல்லும் வழியைக் காட்டுமாறு பொறியாளரிடம் கேளுங்கள்.

5. பள்ளி, அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, வியாபாரத்துக்கான தரைத்தள இடம் ஆகியவை வரைபடத்தில் உள்ளனவா எனப் பாருங்கள். பின்னர் வரும் என்ற வாய்மொழி உறுதிக்குச் சட்ட மதிப்பில்லை.

மறுகுடியமர்வுக்கும் மறுவாழ்வுக்குமான கொள்கையின் வரைவை மாநில அரசு 2021இல் வெளியிட்டது. கொள்கை என்பது நீதிமன்றத்தில் நிலைநாட்டக்கூடிய உரிமையாக வேண்டுமெனில், அது சட்டமாக வேண்டும். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில், இருக்குமிடத்தில் மறுகட்டுமானம், குடியிருப்போரின் ஒப்புதல், மறுஒதுக்கீட்டு உறுதி ஆகியவற்றைத் தனி அத்தியாயமாகச் சேர்க்கலாம். அதுவரை, ஒவ்வொரு வாரியக் குடியிருப்பின் சங்கமும் மேற்கண்ட ஐந்து கேள்விகளைத் தன் முதல் கூட்டத்தின் தீர்மானமாக எழுதி, வாரியத்தின் கோட்ட அலுவலகத்தில் அளித்து, நகலைப் பாதுகாத்து வைக்கட்டும். நாளை வழக்கு வரும்போது அந்த ஒரு தாள் முதல் சான்றாவணமாக நிற்கும்.